அருவியின் உயரமும் ஆற்றின் வேகமும்: மின்சாரம் நம்மைத் தாக்குவது எப்படி?

(திற்பரப்பில் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, கரும்பலகையும் படங்களும் கொண்டு வரலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு, திற்பரப்பில் பேசுவதற்கு அவை எதற்கு என்று விட்டுவிட்டேன். உங்கள் ஊர் அருவியைவிட நல்ல படம் இதற்குக் கிடைக்காது. இதே கோதையாற்றின் மேற்பகுதியில் 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு நீர்மின் நிலையங்கள் 1970-71 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டன. ஆகவே நீரைக் கொண்டு மின்சாரத்தை விளக்குவது இங்கே பொருத்தமாகவும் இருக்கும்.

சில நாட்களுக்கு முன் ஓர் உழவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய விளையில் மரச்சீனி போட்டிருக்கிறார். இரவில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிளறிவிடுகிறது. "சோலார் வேலியில் எட்டாயிரம் வோல்ட் ஓடுகிறது என்கிறார்கள். அதில் முட்டிய மாடு துள்ளி ஓடுகிறதே தவிரச் சாகவில்லை. நம் வீட்டு லைனில் இருப்பது 230 வோல்ட்தானே? அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வேலியில் கட்டினால் அதைவிடக் குறைவாகத்தானே அடிக்கும்?" என்றார்.

நல்ல கேள்வி. கணக்குப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி போலத்தான் தோன்றும். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் அன்றிரவே ஒரு பிணம் விழக்கூடும். அது பன்றியாக இருக்கலாம், அதிகாலையில் பால்வெட்டுக்குப் போகும் ஆளாகவும் இருக்கலாம். இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் மின்சாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

அருவிக்கு வருவோம். நம் அருவி ஏறத்தாழ 50 அடி உயரம். மேலே கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றின் படுகை ஒரே பாறை. அதற்கு மேலே நெல்வயல்களுக்கு நீர் திருப்பும் தடுப்பணை. நீர் கீழே பாய வேண்டுமானால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வேறுபாடு வேண்டும். அந்த உயர வேறுபாட்டைப் போன்றதுதான் மின்னழுத்தம். அதை வோல்ட் என்று அளக்கிறோம். ஒரு வினாடியில் எவ்வளவு நீர் பாய்கிறது என்பதைப் போன்றது மின்னோட்டம். அதை ஆம்பியர் என்று அளக்கிறோம். பாதையில் பாறை குறுக்கிட்டாலோ, மடை குறுகலாக இருந்தாலோ பாய்ச்சல் குறையும். அப்படிக் குறைப்பது மின்தடை. அழுத்தம் கூடினால் ஓட்டம் கூடும், தடை கூடினால் ஓட்டம் குறையும். இதை 1827 ஆம் ஆண்டிலேயே ஓம் என்ற ஜெர்மானிய அறிஞர் கணக்காக எழுதிவிட்டார். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இன்று நமக்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அருவிக்கு மேலே சமதளமான பாறையில் தேங்கி நிற்கும் நீர் எங்கும் பாய்வதில்லை அல்லவா? காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், அதாவது ஒரே உயரத்தில் இருக்கின்றன. நாமோ தரையில் நிற்கிறோம். தரை பள்ளம், கம்பி மேடு. நாம் தொட்டவுடன் இரண்டுக்கும் இடையே மடையாகிவிடுகிறோம்.

இப்போது அந்த உழவரின் கேள்விக்கு வருகிறேன். அருவியின் உச்சியிலிருந்து ஒருவர் ஒரு செம்பு நீரைக் கீழே நிற்பவர் தலையில் கவிழ்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 50 அடி. சுரீர் என்று அடிக்கும், ஆள் திடுக்கிடுவார், அவ்வளவுதான். அதே ஆறு மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடும்போது இறங்கினால் என்ன ஆகும்? அங்கே இறக்கம் சில அடிதான், ஆனால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏனென்றால் பின்னால் வருவது முழு ஆறு. சோலார் வேலி அந்தச் செம்பு நீர். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு மட்டும் அது உதைக்கிறது. அடுத்த உதைக்குள் தசை விடுபடுகிறது, மாடு பின்வாங்கி ஓடிவிடுகிறது. வீட்டு லைனில் 230 வோல்ட்தான். ஆனால் அதன் பின்னால் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அதற்குப் பின்னால் மின் நிலையமே இருக்கிறது. நம் உடல் எவ்வளவு விடுமோ அவ்வளவும், நாம் விடுபடும் வரை, நிற்காமல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

உடல் எவ்வளவு விடும்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். உள்ளே இருக்கும் இரத்தமும் தசையும் உப்பு நீர் போன்றவை, மின்சாரத்தை எளிதாக விடும். தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மேல்தோல்தான். காய்ந்த, காய்ப்பேறிய உள்ளங்கைக்கு ஐம்பதாயிரம் ஓம் தடைகூட இருக்கலாம். 230ஐ ஐம்பதாயிரத்தால் வகுத்தால் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவு, அதாவது 5 மில்லி ஆம்பியருக்கும் கீழே. கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். "கரண்ட் அடிச்சுது, ஒண்ணும் ஆகல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். அதே ஆள் நடவு முடித்துவிட்டு, கையில் சேறும் வியர்வையுமாக, வெறுங்காலோடு ஈர வரப்பில் நின்று அதே ஸ்டார்ட்டரைத் தொடுகிறார். இப்போது உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 230ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 230 மில்லி ஆம்பியர். கம்பி அதே கம்பி, ஆள் அதே ஆள். ஈரம் ஒன்றுதான் வேறு.

இந்த எண்களின் பொருள் என்ன? ஒரு மில்லி ஆம்பியர் என்றால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பத்தைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். "கரண்ட் பிடிச்சு இழுத்துது" என்று நாம் சொல்வது இதைத்தான். மின்சாரம் இழுப்பதில்லை, நம் கையே விடமாட்டேன் என்கிறது. முப்பது அளவில் மூச்சு விடும் தசைகள் இறுகுகின்றன. ஐம்பது முதல் நூறு வரை போனால் ஒரு சில வினாடிகளிலேயே இதயம் துடிப்பதை விட்டு, ஒழுங்கில்லாமல் நடுங்கத் தொடங்கிவிடலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது.

இரவில் படுக்கையறையில் எரியும் 'ஜீரோ வாட்' பல்பு உண்மையில் 15 வாட் அளவில் எரிகிறது. அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர். ஒரு மனிதனைக் கொல்ல அந்தச் சிறு பல்புக்கு வேண்டிய ஓட்டமே போதும். ஆகவே "பியூஸ் இருக்கிறதே, போய்விடாதா?" என்று நம்பி இருக்காதீர்கள். 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5000 மில்லி ஆம்பியர். ஆள் இறந்து கிடந்தாலும் அந்தப் பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பியூஸ் கம்பியைக் காப்பதற்கு வந்தது, மனிதனைக் காப்பதற்கு அல்ல. மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ தரைக்குக் கசிகிறது என்று பொருள். ஒரு வினாடியின் பத்தில் மூன்று பங்கு நேரத்துக்குள் துண்டித்துவிடும். மும்முனை மோட்டாருக்கும் ஏற்ற வகை உண்டு. மாட்டிய பிறகு அடிக்கடி விழுகிறதே என்று சலித்துக்கொண்டு அதைக் கழற்றி எறிந்தவர்களை நான் அறிவேன். விழுகிறது என்றால் மோட்டாரிலோ ஒயரிலோ கசிவு இருக்கிறது. அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

பம்புசெட் அறையைப் பற்றி ஒரு சொல். பேஸிலிருந்து ஒரு ஒயரும், எர்த் குழாயிலிருந்து இன்னொரு ஒயரும் எடுத்து பல்பு எரிப்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. பல்பு எரியும்தான். ஆனால் பாதுகாப்புக்காகப் புதைத்த குழாயையே மின்சாரம் திரும்பிப் போகும் வழியாக்கிவிட்டீர்கள். கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை கூடினால், அந்தக் குழாயோடு இணைத்த மோட்டார் உடலும் ஸ்டார்ட்டர் பெட்டியும் மின்னேறி நிற்கும். எர்த்தை எர்த்தாகவே விடுங்கள். கோடையில் அந்தக் குழியில் வாரம் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள்.

மேலே செல்லும் கம்பிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. தென்னையில் தேங்காய் பறிக்க அலுமினியத் துறட்டி வந்துவிட்டது, அலுமினிய ஏணியும் வந்துவிட்டது. இலேசாகத்தான் இருக்கின்றன. ஆனால் கம்பி போகும் விளைக்குள் அவற்றை நிமிர்த்திக் கொண்டு நடக்கக் கூடாது. 11,000 வோல்ட் லைனில் தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக அருகில் போனாலே தாவிவிடும். பச்சை மூங்கிலும் ஈர மட்டையும் அங்கே இரும்பு மாதிரிதான்.

காற்றில் அறுந்து விழுந்த கம்பி இன்னும் பொல்லாதது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் கம்பிகளோடு பின்னிக் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கம்பி விழுந்த இடம் ஒரு குன்றின் உச்சி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சுற்றிலும் மண்ணில் அழுத்தம் சரிந்துகொண்டே போகும். எட்டி நடந்தால் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் படும், இடையில் நீங்கள்தான் மடை. ஆகவே அத்தகைய இடத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தரையில் தேய்த்தபடியே சிறிது சிறிதாக விலகுங்கள். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். மனிதன் தப்பும் இடத்தில் மாடு விழுவது அதனால்தான். விழுந்த மாட்டைத் தூக்க ஓடாதீர்கள். முதலில் 94987 94987 என்ற மின்னக எண்ணுக்குச் சொல்லி, லைனை நிறுத்தச் செய்யுங்கள்.

வேலிக்கு மீண்டும் வருகிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிரைக் காக்க வைத்த சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் சுற்றின. நிலத்துக்காரர் கைதானார். பன்றியால் நமக்கு ஏற்படும் நட்டம் சிறிது என்று நான் சொல்லவில்லை. ஒரே இரவில் ஒரு விளைக் கிழங்கு போய்விடுகிறது, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு வழி அந்தச் செம்பு நீர் வேலிதான். முறையான கருவி வைத்த சோலார் வேலியை மட்டும் போடுங்கள். மின்வேலிகளுக்குத் தமிழக அரசு 2023 ஆம் ஆண்டில் விதிகள் வகுத்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் போடுவதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலிக் கம்பியில் புல்லும் கொடியும் படர்ந்தால் உதை தரைக்கே போய்விடும், மாதம் ஒரு முறை அடியில் செதுக்கிவிட வேண்டும். எந்த நிலையிலும் அந்தக் கம்பியில் வீட்டு லைனைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒருவரைக் கரண்ட் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள், மெயினை நிறுத்துங்கள். உடனே நிறுத்த முடியாவிட்டால், வீட்டு லைனாக இருந்தால் மட்டும், காய்ந்த பலகையில் நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உயர் அழுத்த லைன் என்றால் கிட்டேயே போகக் கூடாது. விடுபட்ட பின் அவருக்கு நினைவும் இல்லை, மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108ஐக் கூப்பிட, இன்னொருவர் அவரை மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் ஒரு கை வைத்து, இரண்டு அங்குலம் தாழும்படி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல். தனியாகச் செய்தால் கை ஓய்ந்துவிடும், இரண்டு மூன்று பேர் முறை மாற்றிச் செய்யுங்கள். உரை முடிந்ததும் இங்கே ஒரு தலையணையை வைத்து எல்லோரும் செய்து பார்ப்போம். பின்வரிசையில் இருக்கும் அண்ணாச்சிகளும் எழுந்து வாருங்கள்.