ஆலயத்திற்குப் புதிய பாட்டுப் புத்தகம்



நம் சமூகத்தார் கூடித் தொழும் ஆலயத்தின் பாட்டுப் புத்தகங்கள் நைந்துபோயின. புதியதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உரியது.

நம்மிடை இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. ஒன்று, 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1791-இல் சென்னையில் காலமான ஜெர்மானியராகிய பப்ரிசியுஸ் ஐயர் முதலானோர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள். மற்றொன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலிய நம் நாட்டுப் புலவர் இயற்றிய கீர்த்தனைகள். இவற்றை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853-இல் தொகுத்து அச்சிட்டனர்.

முன்னவை மேனாட்டு மெட்டில் அமைந்தவை. மெட்டுக்கிணங்கக் குறில் நீளவும் நெடில் குறுகவும் நேர்வதால், சிற்சில இடங்களிற் பொருள் மயங்கும். ஆயினும் நம் முன்னோர் திருவிருந்திலும் அடக்கத்திலும் கண்ணீரோடு பாடியவை அவையே. பின்னவையோ இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றவை. பல்லவி மீண்டும் மீண்டும் வருதலால், எழுத்தறியாத மூதாட்டியரும் அவற்றை எளிதில் மனனஞ் செய்வர்.

ஆகவே ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளுதல் நியாயமன்று. இரண்டும் அடங்கிய நூலே நமக்கு வேண்டுவது. வாங்குமுன் மூன்றினை ஆராய்வோமாக. பழம்பாடல்களின் சொற்கள் மனம்போனபடி மாற்றப்பட்டுள்ளனவா? முதியோர் கண்ணுக்கு எழுத்துப் புலனாகுமா? ஏழைக் குடும்பமும் வாங்கத்தக்க விலையா?

பாடல்களை நீக்கினாலும் சொற்களை மாற்றினாலும், புத்தகம் பாராமற் பாடுவோரே முதலில் வாய் மூடுவர். ஆதலின் அவர்களை முன்னர்க் கேட்டு, பின்னர் முடிவு செய்வோமாக.