வடக்கன்குளத்து இரட்டைக் கோயில்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளையோ சிலம்பையோ எடுத்துக்கொண்டு பேசுதல் வழக்கம். ஆனால் விழாக் குழுவினர் இவ்வாண்டு எனக்கு இட்ட பொருள் 'ஒரு சிற்றூர்க் கோயிலின் வரலாறும் அமைப்பும்' என்பது. எந்தக் கோயில் என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள்.

கராச்சர்மாவில் வாழும் நமக்கு அண்மையிலேயே ஒரு பழைய கோயில் உண்டு. அபர்தீன் துறையில் நின்று எதிரே நோக்கினால் ஒரு சிறு தீவு தெரியும். ராஸ் தீவு என்று நெடுங்காலம் வழங்கி, 2018-ஆம் ஆண்டு முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கி நிற்கும் தீவு அது. ஆங்கிலேயர் இத்தீவுகளை ஆண்டபோது அதுவே அவர்கள் தலைமையிடம். 1941-ஆம் ஆண்டின் நிலநடுக்கமும், மறு ஆண்டு ஜப்பானியர் வரவும் அதனை வெறிச்சோடச் செய்தன. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையார் கட்டிய கோயில் கூரையிழந்து நிற்கிறது. மரவேர்கள் அதன் சுவர்களைத் தழுவிக் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அதனைக் கண்டிருப்பார்கள். ஆயினும் அது ஆளவந்தார் தமக்கெனக் கட்டிக்கொண்ட கோயில். அவர் போயினர், அதுவும் பாழாயிற்று. நம்மவர் வழிபட்டு, நம்மவரே வழக்காடிய கோயில் ஒன்றைப் பற்றிச் சொல்வதே இவ்வவைக்குப் பொருந்தும் என்று கருதினேன். அதுதான் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் உள்ள திருக்குடும்பக் கோயில்.

தென்நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அவர்களுக்கு ஊரின் இருப்பிடத்தை விளக்க வேண்டுவதில்லை. ஏனையோர்க்குச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை குமரியை நெருங்கித் தாழ்ந்து ஓயும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. கணவாய்க்கு அப்பால் நாஞ்சில் நாட்டு வயல்கள். இப்பால் செம்மண்ணும் பனைமரமும். ஆடிக் காற்று அக்கணவாய் வழியே புகுந்து வீசும் வேகத்தை நம்பியே இக்காலத்தார் அப்பகுதியெங்கும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கின்றனர். இந்த மலைவாயிலுக்குக் கிழக்கே, பாண்டி நாட்டுப் பக்கத்தில் அமைந்தது வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரசின் எல்லைக்கு அப்பால், ஆனால் நடந்து செல்லும் தொலைவில் அவ்வூர் இருந்தது. அதன் வரலாற்றிற்கெல்லாம் அடிப்படை இந்த இருப்பிடமே.

சேசு சபைக் குருமார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தம் பணியைத் தொடங்கினர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன் என்பார் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரிடமே படைத்தலைவராய்ச் சேர்ந்த டிலனாய் என்னும் டச்சுப் படைவீரரின் நட்பால் அவர் உள்ளம் கிறித்துவின்பால் திரும்பியது. திருவிதாங்கூர் எல்லைக்குள் ஓர் அரண்மனை அலுவலர் மதம் மாறுதல் எளிதன்று. ஆதலின் கணவாயைக் கடந்து வடக்கன்குளம் வந்து, 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் புத்தாரி என்னும் குருவின் கையால் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்பதே அவர் பெயராயிற்று. பிறவியால் உயர்ந்தவர் எனப்பட்ட அவர், தாழ்ந்தவர் எனப்பட்டாரோடு கலந்து பழகினார். அதுவும் அவர்மீது குற்றமாயிற்று. பல துன்பங்களுக்குப்பின் 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாதி வேலியைத் தாண்டிய ஒருவர் ஞானத்தந்தையைத் தேடி வந்த ஊர் இது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனிக் கட்டடத்திற்கு வருவோம்.

கத்தோலிக்கக் கோயிலின் அமைப்பு பொதுவாக எவ்வாறு இருக்கும்? முகப்பில் வாயில், உள்ளே மக்கள் அமரும் நெடுங்கூடம், கூடத்தின் கடைசியில் கிராதி, கிராதிக்கு அப்பால் உயர்ந்த மேடைமேல் பலிபீடம். பழைய முறைப்படி குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்றே பூசை வைப்பார்; 1962 முதல் 1965 வரை உரோமையில் கூடிய பொதுச் சங்கத்திற்குப் பின்னரே மக்களை நோக்கி நிற்கும் வழக்கம் பரவியது. அந்நாளில் மக்களுக்குத் தலையாய வேண்டுகோள் ஒன்றே. குரு அப்பத்தை உயர்த்தும் கணத்தில் அதனைத் தம் கண்ணால் காண வேண்டும். கோயில் கட்டும் கொத்தனார் எத்தனை வளைவு வைத்தாலும், எத்தனை தூண் நிறுத்தினாலும், இருக்கும் இடத்திலிருந்து பீடம் தெரிந்தாக வேண்டும். இதுவே கட்டடக் கலையின் முதல் விதி.

வடக்கன்குளத்திலோ இவ்விதியோடு வேறொரு விதியும் வந்து மோதியது. ஊரில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு பக்கம். நாடார் பெருமக்கள் மறுபக்கம். இருவரும் கத்தோலிக்கரே, இருவருக்கும் பீடம் தெரிய வேண்டும், ஆனால் முன்னவர் பின்னவரோடு ஒரே கூடத்தில் இருக்க இசையார். என் செய்வது?

1872-இல் எழுந்த கோயில் அதற்கு விடை கண்டது. ஒரு பீடம், அதனை நோக்கி இரண்டு நெடுங்கூடங்கள். இரண்டும் வெவ்வேறு வாயிலிற் தொடங்கிச் சாய்வாக வந்து பீடத்தருகே கூடுகின்றன. நடுவே சுவர். ஒரு கூடத்தில் இருப்பவர்க்குப் பீடம் தெரியும். அடுத்த கூடத்தில் இருப்பவர் தெரியார். கால்சட்டையின் இரு கால்கள் இடுப்பிலே சேர்வது போன்றது என்று சிலரும், இரட்டைக் குழல் துப்பாக்கி போன்றது என்று சிலரும் அதற்கு உவமை கூறினர். கணக்கியல் வகையில் நோக்கினால் அது திறமையான கட்டடம்தான். அத்திறமையைக் கண்டு வியப்பதா, அது செலவிடப்பட்ட காரியத்தை எண்ணி வருந்துவதா என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை, வருந்தவே தோன்றுகிறது.

இத்தகைய கட்டடம் உலகில் வேறெங்கும் இல்லையோ எனில், சற்று ஒத்தது ஒன்று உண்டு. செருமனியில் கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் பிராய்டன்ஸ்டாட் என்றொரு சிறு நகரம். அங்கே ஷிக்கார்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1601 முதல் 1608 வரை ஒரு சீர்திருத்தச் சபைக் கோயிலைக் கட்டினார். தச்சரின் மூலைமட்டம் போல இரண்டு கூடங்கள் செங்கோணத்தில் சேரும். ஒன்றில் ஆடவர், மற்றதில் பெண்டிர். ஒருவரை ஒருவர் காணார். போதகரை இருவரும் காண்பர். 1945-இல் போரில் எரிந்த அதனை மீண்டும் அதே வடிவில் எழுப்பினர். வடிவில் நம் கோயிலுக்கு உறவினது எனலாம். ஆனால் அங்கே பிரிந்திருந்தவர்கள் வழிபாடு முடிந்ததும் ஒரே வீட்டிற்குத் திரும்பி ஒரே அடுப்பில் வெந்ததை உண்டனர். வடக்கன்குளத்தில் பிரிந்திருந்தவர்கள் வெவ்வேறு தெருவிற்குத் திரும்பினர்.

குருமார் இதற்கு ஏன் உடன்பட்டனர் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் காலந்தொட்டே சாதியை நாட்டு வழக்கம் என்று கொண்டு அதற்கு இடங்கொடுத்து நடந்தது மதுரை மிஷன். இணங்காவிடில் உயர்ந்தோர் எனப்பட்டவர் விலகிப் போவர் என்ற அச்சமும், இணங்கினால் நாளடைவில் மனம் மாறுவர் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் இருந்தன. நம்பிக்கை பொய்த்தது. பாயும் கயிறும் போட்டுப் பிரித்திருந்தால் என்றேனும் சுருட்டி வைத்திருக்கலாம். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பிரித்ததால் வழக்கம் உரிமையாயிற்று. 'இக்கூடம் எமது' என்று சொல்வதற்குச் சுவரே சாட்சியாயிற்று.

கோயிற் சுவரும் அதனை இடித்தலும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்க்குப் புதுச்சேரிச் சம்பாக் கோயிற் செய்தி நினைவிருக்கும். அங்கே ஆதிதிராவிடக் கிறித்தவரைப் பிரித்து வைத்த சுவர் ஒன்று, அம்மக்கள் குருமாரிடம் முறையிட்டதன்பேரில் இடிக்கப்பட்டது, உயர்சாதியார் கொதித்தெழுந்தனர். அது நடந்த ஆண்டு 1745. தேவசகாயம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அதே ஆண்டு! புதுவையில் ஒரு சுவர் விழுந்து 127 ஆண்டுகள் கழித்து நெல்லையில் வேறொரு சுவர் எழுந்தது என்றால், காலம் முன்னோக்கியே நடக்கும் என்று நாம் எப்படி நம்பியிருப்பது?

வடக்கன்குளத்துச் சுவர் 38 ஆண்டுகள் நின்றது. அந்த ஆண்டுகளில் நாடார் குலத்தார் கல்வியிலும் வாணிகத்திலும் உயர்ந்து, எங்கும் தம் உரிமையைக் கேட்டு நின்றனர். 1897-இல் கமுதிச் சிவன் கோயிலுள் அவர்கள் நுழைந்தமை வழக்காகி, இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. இடையில் 1899-இல் சிவகாசி தீப்பற்றி எரிந்தது. கமுதித் தீர்ப்பு வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், அதாவது 1910-இல், கௌசானல் என்னும் பிரெஞ்சுக் குரு வடக்கன்குளத்துச் சுவரை இடிப்பித்தார்.

சுவர் விழுந்ததும் வழக்கு எழுந்தது. பிள்ளைமாரும் முதலியாரும் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தனர். கோயில் தமக்கே உரியது, பிறர் உள்ளே வந்து கலத்தல் தமக்குத் தீட்டு என்பது அவர்கள் வாதம். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்தது; அவர்கள் தோற்றனர். தீட்டு என்னும் எண்ணத்தை மதம் மாறிய பின்னும் சுமந்து வந்து, புதுக் கோயிலில் அதனை உரிமையாகக் கேட்க இயலாது என்பதே தீர்ப்பின் கருத்து.

இரண்டு வழக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உரிமை கேட்டவர் ஒரே குலத்தார். நீதி வழங்கியதும் ஒரே ஆங்கில ஆட்சி. கமுதியில் நீதிமன்றம் கோயிலின் பழைய வழக்கம் யாது என்று கேட்டது. வழக்கம் பூட்டிய கதவைப் பூட்டியே வைத்தது. வடக்கன்குளத்திலோ இடிக்கச் சொன்னவரே கோயிலின் தலைமைக்கு உரியவராய் இருந்தார். அதனால் சட்டம் அவர் பக்கம் நின்றது. கமுதி போன்ற தீர்ப்புகளை வெல்ல 1939-இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுள் அடியார்களை அழைத்துச் சென்றதும், அதன்பின் வந்த ஆலய நுழைவுச் சட்டமும் தேவைப்பட்டன.

வடக்கன்குளத்தோடு கதை முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிக் கோயில் கேட்ட தலித் கிறித்தவர்க்கும் பிற கிறித்தவர்க்கும் மோதல் மூண்டு, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். அதே ஆண்டு மே மாதம் மதுரைப் பக்கத்து உத்தப்புரத்தில், தலித் மக்கள் வழியை மறித்து நின்ற நெடுஞ்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அது கோயிற் சுவரும் அன்று, தெருச் சுவர். அங்கே இருபுறமும் இருந்தவர்கள் இந்துக்களே.

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் உரோமையில் போப் பிரான்சிசு தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அவரே முதற் புனிதர். அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. அவர் பெயரோடு 'பிள்ளை' என்று சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதியை உதறியவர்க்கு அது பொருந்தாது என்று சிலர் எழுதி முறையிட, திருச்சபை அப்பட்டத்தை நீக்கியது.

விடுமுறைக்குக் கப்பலேறிச் சென்னை சென்று அங்கிருந்து தெற்கே போகும் அன்பர்கள், கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்துத் திரும்புகையில் வடக்கன்குளத்திற்கும் சென்று வாருங்கள், நெடுந்தொலைவன்று. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாயில் வழியே உள்ளே போய், இரு கூடமும் கூடும் இடத்தில் பீடத்தை நோக்கிச் சற்றே நின்று, பின் மற்ற வாயில் வழியே வெளியே வாருங்கள். 1910-க்கு முன்னர் அவ்வாறு நடக்க முயன்றவர் சுவரில்தான் முட்டியிருப்பார்.