ஹைதராபாத்தின் ஆராய்ச்சி பலூன்கள்

ராக்கெட் எங்கிருந்து கிளம்பும் என்று கேட்டால் ஸ்ரீஹரிகோட்டா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆராய்ச்சி பலூன்? அதற்கென்றே ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் தளம் ஒன்று இருக்கிறது.

இந்த வேலையை இந்தியாவில் தொடங்கிவைத்தவர் இயற்பியலாளர் ஹோமி பாபா. 1940களில் பெங்களூரில் ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி, காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவிகளை மேலே அனுப்பினார். ரப்பர் விரிந்து விரிந்து கடைசியில் வெடித்துவிடும். ஒரே உயரத்தில் மணிக்கணக்காக மிதக்க வேண்டுமென்றால் பாலிதீன்தான் சரி. 1959இல் ஹைதராபாத்திலிருந்து அவ்வகை பலூன்கள் பறந்தன. 1969இல் நிரந்தரத் தளம் அமைந்தது. அந்த ஊர் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றல் குறைந்த காஸ்மிக் துகள்களைக் காந்தப்புலமே அங்கு திருப்பிவிடுவதால், விண்மீன்களின் எக்ஸ் கதிர்களைப் பிரித்தறிவது எளிது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அந்த பாலிதீன் தாள்தான். கருவிக் குழுவோடு அங்கே போனபோது தொட்டுப் பார்த்திருக்கிறேன். காய்கறிக் கடைப் பையைவிட மெல்லியது! நூற்றுக்கணக்கான கிலோவைத் தூக்கப்போவது இதுதானா என்று மலைப்பாக இருந்தது. கீழே நமக்கு வெயில் கொளுத்துகிறது. ஆனால் தலைக்குமேல் 17 கிலோமீட்டரில் மைனஸ் 80 டிகிரிக் குளிர். ஐரோப்பிய வானத்தில் அந்த உயரத்தில் இவ்வளவு குளிர் கிடையாது. அங்கே தாக்குப்பிடித்த தாள் இங்கே விறைத்துக் கிழிந்தது. அந்தக் குளிரிலும் நெகிழ்கிற தாளை நம்மவர்கள் பாடுபட்டு உருவாக்கினார்கள். இந்தத் தளத்தின் பெரிய சாதனை எதுவென்று கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன்.

ஏவும் இரவைப் பற்றிக் கேளுங்கள். தரைக்காற்று அடங்கக் காத்திருப்போம். நிரப்புவது ஹைட்ரஜன், சிறு தீப்பொறிகூட ஆகாது. பலூன் நெடுக விரிந்து கிடக்கும், உச்சியில் மட்டும் ஒரு குமிழ் உப்பி நிற்கும். பாதிகூட நிரப்பவில்லையே என்று தோன்றும். மேலே போகப்போக அந்த வாயு நூறு மடங்குக்கும் மேல் விரிந்துகொள்ளும். விடுவித்ததும் அத்தனை தாளும் சரசரவென்று எழும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

2005இல் இங்கிருந்து போன பலூன் 41 கிலோமீட்டர் உயரம்வரை காற்றைப் பிடித்துவந்தது. அதில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆர்யபட்டர் பெயரையே வைத்தார்கள். 2015இல் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் போன எக்ஸ் கதிர்க் கருவி ஒன்றும் முதலில் இங்கே பலூனில் சோதித்துப் பார்த்த வகைதான்.

வேலை முடிந்ததும் கருவி பாராசூட்டில் இறங்கும். ஒரு தடவை எங்கள் பெட்டி பருத்திக் காட்டில் விழுந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த விவசாயி ஆடு மாடு அண்டாமல் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுவைத்திருந்தார். ஒரு திருகுகூடக் கழலவில்லை. எங்கள் அளவீடுகள் பிழைத்தது அவரால்தான்.

நேரம் முடிகிறது. தெலங்கானா, சோலாப்பூர்ப் பக்கம் உங்கள் சொந்தபந்தம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: வயலில் பாராசூட்டோடு பெட்டி கிடந்தால் திறக்க வேண்டாம், போலீசுக்குத் தகவல் சொன்னால் போதும்.