பஸ் ஏற்றியது யார்?

நடுவர் அவர்களே! வழி தவற வைப்பது ஆசையா, வறுமையா என்பது தலைப்பு. எதிரணி நண்பர், "'செட்யூஸ்'னா ஆசை காட்டி மயக்குறது, அப்ப ஆசைதானே?"ன்னாரு. பாதி அர்த்தம்தாங்க! லத்தீனில் 'டூக்கரே' என்றால் அழைத்துப் போவது. 'செ' என்றால் விலக்கி. விலக்கி அழைச்சிட்டுப் போறதுதான் 'செட்யூஸ்'. அதனாலதான் அதுக்குப் பின்னால 'ஃபிரம்' வரும், 'இன்டு'வும் வரும். எதிலிருந்து? எதுக்குள்ளே?

எனக்கு ஊரு தாயில்பட்டி. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கும். அக்காவுக்கு ஒரு ரிப்பன், அப்பாவுக்கு அட்வான்ஸ். அக்கா ஏறிட்டாங்க. பள்ளிக்கூடத்திலிருந்து, தீக்குச்சிக்குள்ளே! ரிப்பனுக்கா ஏறினாங்க? அட்வான்ஸுக்கு ஐயா!

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னது. அதுக்குள்ள எங்க அக்காவுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.

'எஜுகேட்'டும் அதே 'டூக்கரே' குடும்பம்தான்; வெளியே அழைத்து வருவது. அக்கா கூலியில நான் படிச்சேன். அவங்களை விலக்கிக் கூட்டிட்டுப் போனதும் வறுமை, என்னை வெளியே கூட்டிட்டு வந்ததும் அவங்க கைதான். தீர்ப்பு சொல்லுங்க ஐயா.