குதிரையைக் காட்டி ஷுக்ரைச் சொல்லிக் கொடுத்தேன்
(பொன்விழாவையொட்டிக் கெப்பாலா பத்தாஸில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நான் ஆலிம் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடை நடத்துகிறவன். என்னிடம் மஸ்அலா எதுவும் கேட்டுவிடாதீர்கள். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

மகனுக்கு ஒன்பது வயது. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு ஆதியாத் சூராவை ஓதிக்காட்டினான். 11 ஆயத், ஒரு பிழையில்லை. "இதில் என்ன வருகிறது?" என்றேன். விழித்தான். "குதிரை வருகிறது" என்றதும் கிட்டே வந்து உட்கார்ந்தான். அவன் குதிரையைக் கைபேசி விளையாட்டில்தான் பார்த்திருக்கிறான்.

மூச்சிரைக்க ஓடுகிறது, குளம்பு கல்லில் பட்டுப் பொறி பறக்கிறது, விடியற்காலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கூட்டத்தின் நடுவே பாய்கிறது என்று சொன்னேன். அந்தச் சண்டையில் குதிரைக்கு என்ன லாபம்? எஜமான் போட்ட தீனியும் தண்ணீரும்தான். அதற்கே அது உயிரைக் கொடுத்து ஓடுகிறது. அதன் மேல் சத்தியமிட்டுவிட்டு, மனிதன் தன் ரப்புக்கு நன்றி கெட்டவனாக இருக்கிறான் என்கிறான் அல்லாஹ். அங்கே வரும் சொல் 'கனூத்'. துன்பங்களை எண்ணிக்கொண்டிருந்து நிஃமத்துகளை மறந்துவிடுபவன் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அதற்கு விளக்கம் தந்தார்கள்.

மகன் யோசித்தான். "அப்படியென்றால் அத்தா, நீங்களும் கனூத்தா? தினமும் சாப்பிடும்போது வியாபாரம் சரியில்லை, வாடகை ஏறிவிட்டது என்றுதானே சொல்கிறீர்கள்?"

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் விற்பனை குறைவுதான், பொய்யில்லை. ஆனால் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, சரக்குக் கடன் அடைந்தது, வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட இல்லை. இதையெல்லாம் பிள்ளைகள் எதிரில் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

குதிரை நமக்கு அந்நியமல்ல. ராவுத்தர் என்ற பெயரே குதிரையோடு வந்ததுதான். 13ஆம் நூற்றாண்டில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து காயலுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே எழுதியிருக்கிறார். கீஷின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் செத்தாலும் விலை உண்டு. நம்மைப் போன்ற வியாபாரிகளுக்குக் கேட்கவே இனிக்கும்!

அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதுதான் கசக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியர்களை வணிகர்கள் வரவிடவும் இல்லை. செத்தால்தானே மறுபடியும் விற்கலாம்! அவர் கொஞ்சம் கூட்டியே எழுதியிருக்கலாம். ஆனாலும் அதே சூராவில் பொருளாசையைச் சொல்லும் இடம் வரும்போது எனக்குக் காயல் துறைதான் நினைவுக்கு வருகிறது. பெருமையை மட்டும் சொல்லி இதை மறைக்க மனம் வரவில்லை. இரண்டையும் மகனிடம் சொன்னேன்.

"பாவம், குதிரை யாரிடம் போய்ச் சொல்லும்?" என்று கேட்டான்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் செய்தியைச் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், குதிரை விஷயத்தில் நேற்றிரவு நான் கண்டிக்கப்பட்டேன் என்றார்கள். மகன் வெகுநேரம் பேசவில்லை.

இப்போது காடியில் ஏறும்போது பயண துஆவை அவன்தான் ஓதுகிறான். இதை வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ், நம் சக்தியால் ஆனதல்ல என்ற பொருளும் அவனுக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கொரு நிஃமத் சொல்ல வேண்டும் என்று சட்டமும் போட்டிருக்கிறான். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. நேற்று, காடி கிளம்பாதபோது பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் பேட்டரிக் கம்பியோடு ஓடிவந்ததைச் சொன்னான். அதை நானே சொல்லலாம் என்று வைத்திருந்தேன். என் முறை வந்தபோது வேறொன்று தேட வேண்டியதாகிவிட்டது.