பணிக்கேற்ற பெயரேடு

(கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பேசுவதும் ஒற்றுமையின் தேவையைப் பேசுவதும் மரபு. அவற்றைப் பேச நம்மினும் வல்லார் இங்குப் பலர் உளர். ஆகவே நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். அது பெயரேடு. பெயர்களை எழுதி வைப்பது எவ்வாறு, வேண்டிய பெயரை வேண்டிய நேரத்தில் தேடி எடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய உரை. இது ஒரு பெரும் பொருளா என்று சிலர் எண்ணலாம். நம்மைச் சட்டம் எப்பெயரால் அழைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அட்டவணைச் சாதியினர் என்கிறது. அட்டவணை என்றால் பட்டியல். ஒரு பட்டியலின் பெயரே நம் பெயராயிற்று. ஆதலின் பட்டியல் எப்படி நடக்கிறது என்பதை நம்மவர் அறியாதிருத்தல் ஆகாது.

பிரிட்டிஷ் இந்தியாவில் இப்பட்டியல் 1936-இல் ஆணையாக வெளிவந்தது. நம் புதுச்சேரியோ அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைம்மாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அதன் பின்னரே, 1964 மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள், புதுச்சேரிக்கெனக் குடியரசுத் தலைவரின் தனி ஆணை பிறந்தது. அந்நாளில் நம் குடும்பம் இப்பகுதியில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டும்படி இன்றும் நம் பிள்ளைகள் கேட்கப்படுவதுண்டு. பேத்தியின் கல்லூரிப் படிப்பு பாட்டனாரின் பெயர் எழுதிய ஏட்டில் தொங்குகிறது!

நாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவி ஒருத்தி. தந்தையார் வயல்வேலை செய்பவர். சேர்க்கைக்கு நான்கே நாள்கள் எஞ்சியிருந்தன. பாட்டனாரின் பிறப்புப் பதிவைத் தேடினார்கள். முதல் நாள் இல்லை என்றார்கள். இரண்டாம் நாளும் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மாலை முதியவர் ஒருவர், "ஐயா, பிரெஞ்சுக்காரன் எழுத்தில் பாருங்கள்" என்றார். பாட்டனாரின் பெயர் முத்து. அப்பெயரை ஆங்கில முறையில் எழுதினால் 'எம்' எழுத்தை அடுத்து 'யு' வரும். பிரெஞ்சு முறையிலோ 'எம்' எழுத்தை அடுத்து 'ஓ' வரும். அதன் பின்னரே 'யு' வரும். தேடியவர்கள் ஒரு பக்கத்தில் தேடினார்கள். பெயர் வேறொரு பக்கத்தில் உறங்கியது. எழுதிய கை பழுதற்றது. தேடிய கண்ணும் பழுதற்றது. வரிசை வைத்த முறையும் கேள்வி கேட்ட முறையும் பொருந்தவில்லை. பழுது அங்கேதான் இருந்தது.

பிரெஞ்சுக் குடிமைப் பதிவு முறை 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்டது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை நிகழ்ந்த நாள் வரிசையில் எழுதப்படும். ஆண்டு முடிவில் பெயர்வரிசைப்படி ஓர் அடைவு ஆக்குவார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை பத்தாண்டு அடைவு ஆக்குவார்கள். ஏன் பிறப்பு நிகழ்ந்த அன்றே அகரவரிசையில் எழுதவில்லை? எழுதினால் ஒவ்வொரு பெயருக்கும் நடுவே இடம் விட வேண்டும், எழுதுவோர் திணறுவர். எழுதுவதற்கு எளிய முறை ஒன்று. தேடுவதற்கு எளிய முறை மற்றொன்று. இரண்டையும் ஒரே ஏட்டில் அடக்க இயலாமையால் அவர்கள் இரண்டு ஏடு வைத்தார்கள். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மேலே கூறுவன யாவும் இதன் விரிவே.

இன்று காகித ஏட்டின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. பெரிய அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்யும்போது, இவர் யார், எப்பிரிவினர், எதைப் பார்க்க உரிமையுடையவர் என்று பின்னால் ஒரு பொறி விடை கூறுகிறது. அதனை டைரக்டரி சர்வர் என்பர். நாம் பெயரேட்டு சர்வர் என்போம். இதற்கான எக்ஸ்.500 என்னும் உலகப் பொதுநெறி 1988-இல் வெளிவந்தது. அது கனமானதாய் இருந்தமையால், 1993-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹௌஸ் முதலியோர் எல்டாப் என்னும் எளிய நெறியை வகுத்தனர். அதில் ஒவ்வொருவர் பெயரும் அஞ்சல் முகவரி போல அமைந்திருக்கும். ஆள், பிரிவு, நிறுவனம், நாடு என்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும்.

இச்சர்வரை நிறுவிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணற்க. எப்பணிக்கு வைக்கிறோமோ அப்பணிக்கேற்பச் சீர்செய்தல் வேண்டும். பணிகள் மூவகை. ஓயாமல் படிப்பது ஒன்று; அடிக்கடி எழுதுவது ஒன்று; ஆண்டுக்கொருமுறை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவது மற்றொன்று.

முதலில் படிக்கும் பணி. தலைமையாசிரியர் அறையில் அலமாரி உண்டு, மேசையும் உண்டு. அன்றாடம் வேண்டும் ஏடு மேசைமேல் இருக்கும். பழைய ஏடு அலமாரியில் இருக்கும். கணிப்பொறிக்கு வட்டு அலமாரி, நினைவகம் மேசை. பெயரேடு முழுவதும் நினைவகத்தில் அடங்குமாயின் அடக்கிவிடுவதே சிறப்பு. அடங்காதெனின் அடைவுகளையும் அடிக்கடி கேட்கப்படும் பெயர்களையும் ஆங்கே வைக்க வேண்டும். ஆனால் மேசை முழுவதையும் பெயரேட்டிற்கே கொடுத்துவிட்டால் பிற வேலைகளுக்கு இடமிராது. பொறி நினைவகத்திலிருந்து வட்டிற்கும் வட்டிலிருந்து நினைவகத்திற்கும் பொருள்களை மாற்றி மாற்றியே மூச்சுவாங்கும். பேராசையும் கேடு, கஞ்சத்தனமும் கேடு.

பழைய சர்வர்கள் பல பெர்க்லி டிபி என்னும் களஞ்சியத்தைக் கொண்டிருந்தன. அங்கே களஞ்சியத்திற்கு ஒரு மேசை, சர்வருக்கு ஒரு மேசை என ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருக்கும். எதற்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பதே பெரும்பாடு. இவ்வல்லலை நீக்க ஹோவர்ட் சூ என்பார் 2011-இல் எல்எம்டிபி என்னும் களஞ்சியத்தை ஓப்பன்எல்டாப் சர்வருக்காக ஆக்கினார். அது வட்டிலுள்ள கோப்பை நினைவகத்தோடு நேரே பொருத்திவிடுகிறது. படிப்போர் எத்தனை பேராயினும் எழுதுவோர்க்காகக் காத்திருப்பதில்லை. எழுதுவோர் மட்டும் ஒரு நேரத்தில் ஒருவரே. படிப்பு மிகுந்து எழுத்துக் குறைந்த பெயரேட்டிற்கு இது மிகவும் ஏற்றது. ஆயினும் கோப்பு எவ்வளவு வளரலாம் என்னும் எல்லையை முன்னரே தாராளமாகக் கூறிவிட வேண்டும். படிக்கத் தொடங்கியவர் நெடுநேரம் ஏட்டை மூடாதிருந்தால் பழைய பக்கங்களைத் திரும்பப் பயன்படுத்த இயலாது, கோப்பு வீங்கும். இங்கும் நூலகத்து ஒழுக்கமே வேண்டும்!

இரண்டாவது எழுதும் பணி. அடைவு எத்தனை உண்டோ, ஒரு பெயரை எழுத அத்தனை மடங்கு வேலை உண்டு. பத்து அடைவுகள் இருப்பின், புதிய பெயர் ஒன்று நுழையும்போது மூல ஏட்டில் ஒன்றும் அடைவுகளில் பத்துமாகப் பதினோர் இடத்தில் எழுத வேண்டும். ஆகவே எவரும் கேளாத கேள்விக்கு அடைவு வைத்தல் வீண். எல்லார்க்கும் பொதுவான ஒன்றிற்கு அடைவு வைப்பதும் வீண். வில்லியனூர்ப் பெயரேட்டில் வில்லியனூரார் யாவர் என்று அடைவு வைத்தால் ஏடு முழுவதுமே அடைவாகும்.

எழுத்தின் பாதுகாப்பையும் கூற வேண்டும். நல்ல சர்வர் எழுத்து வட்டில் நிலைபெற்ற பின்னரே "முடிந்தது" என்று கூறும். இதனால் வேகம் சற்றுக் குறையும். வேகத்திற்கு ஆசைப்பட்டு இக்காவலை நீக்குவோர் உளர். மழைக்காலத்தில் நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யார் அறிவார்? "முடிந்தது" என்று கூறிய பின் அழிந்துபோன பதிவு, பதியாத பதிவினும் தீயது. பதியவில்லை என்று அறிந்தவர் மீண்டும் வருவார்; பதிந்தது என்று நம்பியவர் வீட்டிற்குப் போய்விடுவார்.

மூன்றாவது மூட்டைப் பணி. பள்ளிச் சேர்க்கை நடக்கும்போது சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, உதவித்தொகைப் பட்டியல் மூன்றையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உடனுக்குடன் எழுதினால் பெற்றோர் வரிசை வேப்பமரத்தைத் தாண்டும். நாம் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் எழுதிக்கொண்டு மற்றவற்றை மாலையில் ஒருசேர எழுதுவோம். சர்வரிலும் அவ்வாறே. ஆயிரக்கணக்கான பெயர்களைப் புதிதாக ஏற்றும்போது, சேவையை நிறுத்திவைத்து, பெயர்களை மொத்தமாக ஏற்றி, அடைவுகளையும் அப்போதே ஒருசேர ஆக்குவர். முற்கூறிய காவலை இப்போது சற்றுத் தளர்த்தலாம். மூலக் கோப்பு கையில் இருக்கிறதன்றோ? கெட்டால் மீண்டும் ஏற்றலாம். அதே தளர்வு அன்றாடப் பணியில் குற்றம், இங்கே குற்றமில்லை. ஒரே பொறி, ஒரே திருகு. ஆனால் பணி மாறினால் முறையும் மாறும்.

இனி அடைவு வகைகள். முழுப்பெயர் கொடுத்துத் தேடுவதற்கு ஓர் அடைவு. பெயரின் ஒரு துண்டைக் கொடுத்துத் தேடுவதற்கு ஓர் அடைவு. ஒலி ஒத்த பெயரைத் தேடுவதற்கு ஓர் அடைவு. துண்டு அடைவு பெயரைச் சிறுசிறு எழுத்துக் கூட்டங்களாக வெட்டி வைப்பதால் எழுத்துச் சுமை மிகுதி. ஒலி அடைவின் வரலாறு நமக்கு மிகவும் நெருங்கியது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பார் 1918-இல் சவுண்டெக்ஸ் என்னும் ஒலிக்குறி முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1935-இல் அங்கே முதியோர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறப்புச் சான்றில்லாத ஏழை முதியோர் தம் வயதை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளுக்குச் சவுண்டெக்ஸ் முறையில் அடைவு ஆக்கி அவர்கள் பெயரைத் தேடி எடுத்தனர். எழுத்து மாறினும் ஒலி மாறாதிருந்தால் பெயர் அகப்பட்டது.

நம் மாணவியின் பாட்டனார்க்கு வேண்டியிருந்ததும் இதுவே! ஆனால் அந்த ஒலிமுறை ஆங்கிலப் பெயர்களுக்கென வகுத்தது. தமிழ்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் ஒருமுறையும் ஆங்கில எழுத்தில் ஒருமுறையும் உருமாறும் நம் புதுச்சேரிக்கு அது முற்றும் பொருந்தாது. நமக்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒருவர்க்கு எத்தனை எழுத்து வடிவம் உண்டோ அத்தனையையும் அவர் பெயர்க்கீழ் எழுதி வைப்பது. பெயரேட்டு சர்வர் ஒரே ஆளுக்குப் பல பெயர் வடிவங்களை ஏற்கும். எவ்வடிவில் தேடினும் ஆள் அகப்படுவார்.

நம் அண்டை ஊராகிய சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார்கள். படிப்போரின் நேரத்தைக் காப்பாற்று என்பது அவற்றுள் ஒன்று. யாருடைய நேரம் என்பதே இதில் கேள்வி. எதற்கு அடைவு வைக்கிறோமோ அக்கேள்வி கேட்பவருக்கு உடனே விடை. எதற்கு வைக்கவில்லையோ அக்கேள்வி கேட்பவர் வாயிலில் மூன்று நாள் நிற்பார். ஆகவே அடைவு வைப்பவர் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. அக்கையில் நம் பிள்ளைகளின் கையும் ஒன்றாக வேண்டும் என்பதே நம் வேட்கை.

கணிப்பொறி பயிலும் இளைஞர்களே! சர்வரைச் சீர்செய்யப் புகுமுன் நாடி பாருங்கள். எக்கேள்விகள் மிகுதியாக வருகின்றன, எவை அடைவின்றி ஏடு முழுவதையும் புரட்டுகின்றன என்பதைச் சர்வரின் நாட்குறிப்பு காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள்; மாற்றுமுன்னும் மாற்றிய பின்னும் அளந்து எழுதுங்கள். படிப்போர் பெருகினால் படிக்க மட்டுமான படிகளை வேறு பொறிகளில் வையுங்கள். எவர் எதைப் பார்க்கலாம் என்பதையும் வரையறுங்கள். சாதி, முகவரி போன்றவற்றை எல்லார் கண்ணிலும் படும்படி விடாதீர்கள். உதவித்தொகைக்கு வேண்டும் விவரம் ஊரார் வாய்க்கு உணவாதல் கூடாது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பாகூரில் பல்லவர் காலத்தில் ஒரு கல்விநிலையம் இருந்தது. நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களை அதற்கு அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அது மறையும் சாத்திரமும் ஓதுவார்க்கான இடம். நம் முன்னோர்க்கான இடமன்று. செப்பேட்டில் ஏறாத நம் முன்னோரின் பெயர்களை நாமே எழுதுவோம். இவ்வெள்ளிவிழா ஆண்டில், நம் கழகத்தைச் சார்ந்த ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பக்கம் வைப்போம். பாட்டன் பாட்டியர் பெயர், அவற்றின் எழுத்து வடிவங்கள், பிறந்த கொம்யூன், கையிலுள்ள பத்திரங்கள் ஆகியவற்றைக் குடும்பத்தார் இசைவோடு குறிப்போம். முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே மாலை நேரங்களில் அவர்கள் திண்ணைக்குச் சென்று கேட்போம். முதலில் நாள்வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும், பின்னர் அடைவு, அதன் பின்னர்க் கணிப்பொறி.

அந்த மாணவி நான்காம் நாள் கல்லூரியிற் சேர்ந்தாள். இன்று அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் நாள் மாலை அம்முதியவர் அவ்வழியே வராதிருந்தால் என் செய்திருப்போம்? ஒரு பிள்ளையின் வாழ்வு, வழியே வருவார் ஒருவரின் நினைவில் தொங்கலாகாது. நம் ஏட்டில் உறுதியாக நிற்றல் வேண்டும்.

வளர்க நம் கழகம்!