கைப்பேசிக்குள் ஓர் ஏகபோகம்

(ஓசூர் சிப்காட் வாயிற்கூட்டப் பேச்சின் சுருக்கம்)



நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிகளில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அதன் அடித்தளமான லினக்ஸ், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் பல்லாயிரம் பேர் உழைப்பில் வளர்ந்தது. ஆண்ட்ராய்டின் மூல நிரலையும் எவரும் எடுத்துத் திருத்தலாம்.

ஆளுக்கொரு விதமாகத் திருத்தினால், ஒன்றில் ஓடும் செயலி மற்றொன்றில் ஓடாதே? உண்மைதான். பட்டறைத் தோழருக்குத் தெரியும்: மரை ஒத்தால்தான் போல்ட்டில் நட்டு ஏறும். பொது அளவு வேண்டும். ஆனால் அளவுகோல் யார் கையில்?

பிளே ஸ்டோர் வேண்டுமென்ற கம்பெனிகளிடம், தான் ஏற்காத மாற்று ஆண்ட்ராய்டில் ஒரு கருவியும் செய்யக்கூடாதென்று கூகுள் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பொருத்தத்தின் பெயரால் போட்டியை அடைத்தது! 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

கைப்பேசிக் கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? திருத்தும் உரிமையைக் கொண்டு தங்கள் செயலிகளைத் திணிக்கின்றன. மலிவு மாடல்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைச் சீக்கிரமே நிறுத்துகின்றன. நம் கூலி வந்து சேரும் வங்கிக் கணக்கு அதற்குள்தானே இருக்கிறது!

ஆகவே வாங்குமுன் கேளுங்கள்: எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவாய்? பொது உழைப்பில் விளைந்ததன் அளவுகோலும் பொதுவில் இருக்கட்டும்!